அடுத்தவர் நிலத்தின் வழியே

சுவிட்சர்லாந்தில் இருக்கும் எங்களைப் பார்க்க ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது, யுங்ஃப்ரா பனிமலைக்கு எப்போது அழைத்துப் போகிறாய் என்பதுதான். அழைத்துப் போகிறேன். ரயிலேறி, பனியைத் தொட்டு, படம் எடுத்து, அங்கே விற்கும் தேநீரின் விலையை ரூபாயில் கணக்குப் போட்டுத் திடுக்கிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் காலை அவர்களை எங்கள் வீட்டின் பின்புறம் மேடேறும் பாதையில் கூட்டிப் போவேன். கொஞ்ச தூரத்தில் அது ஒரு பண்ணை வீட்டு முற்றத்துக்குள் நுழைந்து, மாட்டுத் தொழுவத்துக்கும் எருக்குவியலுக்கும் நடுவே போய், துணி காயும் கொடியை ஒட்டி மறுபக்கம் வெளியேறும். "யார் வீட்டுக்குள்ளோ நுழைகிறோமே" என்று வந்தவர்கள் நின்றுவிடுவார்கள். தொழுவத்தின் மரச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் அடையாளம் இருக்கிறது. அதைக் காட்டுவேன். வழி இதுதான், போகலாம்.

ஒட்டன்சத்திரம் பக்கத்தில் வளர்ந்தவள் நான். அடுத்தவர் தோட்டத்துக்குள் கால் வைக்க அங்கே ஏதாவது ஒரு காரணம் வேண்டும்: தண்ணீர் முறை, காணாமல் போன ஆடு, கல்யாணப் பத்திரிகை. காலாற நடக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தோட்டத்தின் நடுவே போனால் முதலில் நாய் வரும், பின்னாலேயே ஆள் வரும். அந்தப் பழக்கத்தோடு இங்கே வந்தவளுக்கு, சுவிட்சர்லாந்தின் கிராமப்புறத்தில் நடப்பது என்பதே பெரும்பாலும் அடுத்தவர் நிலத்தில் நடப்பதுதான் என்று பிடிபடக் கொஞ்ச காலம் ஆயிற்று. இங்கே குடியிருப்பதைப் பற்றி நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயங்கள் ஏறக்குறைய எல்லாமே அந்த நடையிலிருந்து வந்தவை. ஊராட்சி அலுவலகம் கொடுத்த கையேட்டிலிருந்து வந்தவை மிகக் குறைவு.

கணவருக்குப் பெர்னில் வேலை. நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் எம்மென்டால் பள்ளத்தாக்குக்கு வந்தோம். இயற்கையைத் தேடி வந்த கதையெல்லாம் இல்லை. லாங்நாவ் வரை ரயில், அதன்பிறகு பஸ். பள்ளமும் முகடுமாக மடிந்து மடிந்து கிடக்கும் நிலம். திரைப்படங்களில் ஆடிப்பாடும் பனிமலை எங்களுக்குத் தொடுவானத்தில்தான். வானம் தெளிந்த நாளில் லூடெரன்ஆல்ப் மேட்டில் நின்றால் ஐகர், மோன்ஷ், யுங்ஃப்ரா மூன்றும் வரிசையாகத் தெரியும். பக்கத்தில் இருப்பதெல்லாம் புல், பசு, ஊசியிலைக் காடு, பிரம்மாண்டமான கூரைகள்.

அந்தக் கூரைகளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊரைச் சொல்ல முடியாது. வீடு, தொழுவம், வைக்கோல் பரண் மூன்றும் ஒரே கூரையின் கீழ். சில வீடுகளில் கூரை விளிம்பு கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியிருக்கும். பக்கத்தில் ஷ்டொக்லி என்று ஒரு குட்டி வீடு. பண்ணையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்ட அப்பாவும் அம்மாவும் அதில் குடியேறுவார்கள். பெர்ன் மரபில் பண்ணையைத் துண்டு போடுவதில்லை. ஒரு பிள்ளைக்கு முழுதாகப் போகும், பழைய வழக்கப்படி கடைசி மகனுக்கு. மற்றவர்களுக்கு ஏதோ ஒரு தொகை, இல்லையென்றால் அடுத்த பண்ணையில் கூலி வேலை. வரப்புக்கு வரப்பு பாகப்பிரிவினை வழக்கு நடக்கும் ஊரிலிருந்து வந்த எனக்கு இது முதலில் பொறாமையாக இருந்தது. மூத்த பிள்ளைகளை நினைத்தபோது அநியாயமாகவும் பட்டது. எது எப்படியோ, முகட்டுக்கு ஒன்றாகப் பெரிய பண்ணைகள் தனித்தனியே நிற்பதற்கு அது ஒரு காரணம். பேருக்குத் தேவாலயத்தைச் சுற்றி நாலு வீடு, ஒரு கடை. மற்றபடி பண்ணைக்கும் பண்ணைக்கும் நடுவே ஓடும் வண்டித்தடம்தான் ஊர். அதில் நடக்காதவர் யாரையும் சந்திக்க வழியில்லை.

பாதை எப்படி முற்றத்துக்குள் வந்தது? சுவிஸ் குடிமைச் சட்டம் 1912-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 699-ஆம் பிரிவு, காடும் மேய்ச்சல் நிலமும் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும் ஊர் வழக்கத்துக்கு உட்பட்ட அளவில் எல்லோரும் உள்ளே போகலாம் என்கிறது. காட்டுப் பழமும் காளானும் பறித்துக்கொள்ளலாம். பிறகு கார்கள் பெருகி, சாலைகளில் நடப்பவர்களுக்கு இடமில்லாமல் போன காலத்தில், யோஹான் யாக்கோப் எஸ் என்ற பள்ளி ஆசிரியர் முன்னின்று 1934-இல் நடைபாதைகளுக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார். மஞ்சள் பலகை அங்கிருந்து வந்தது. 1979-இல் நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தி, நடைபாதைகளைப் பேணுவதை அரசியலமைப்புச் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். இன்று அடையாளமிட்ட பாதைகள் சுமார் 65,000 கிலோமீட்டர். நடப்பதற்காக அரசியலமைப்பைத் திருத்திய நாடு என்று ஊரில் சொன்னால் சிரிக்கிறார்கள். எனக்கு மரியாதைதான் வருகிறது.

மஞ்சள் பலகையில் பெரும்பாலும் தூரம் இருக்காது, நேரம் இருக்கும். சமதரையில் மணிக்கு 4.2 கிலோமீட்டர் என்று வைத்து, ஏற்ற இறக்கத்தையும் கூட்டிப் போடுகிறார்கள். உட்காருவதும் சாப்பிடுவதும் படம் எடுப்பதும் அந்தக் கணக்கில் சேராது. ஊரிலிருந்து வந்தவர்களோடு போகிறீர்கள் என்றால் பலகை நேரத்தை ஒன்றரை மடங்காக்கிக்கொண்டு, பிறகு பஸ் நேரத்தைப் பாருங்கள். மாலையிலேயே கடைசி பஸ் போய்விடும் நிறுத்தங்கள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். வெறும் மஞ்சள் என்றால் சாதாரணக் காலணி போதும். முனையில் வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று பட்டை இருந்தால் மலைப்பாதை: வழுக்கும், செங்குத்தாக ஏறும், கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்றால் மலையேறத் தெரிந்தவர்களுக்கு. நான் போனதில்லை, போகவும் மாட்டேன். அரசின் நில அளவைத் துறையான சுவிஸ்டோப்போவின் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. எந்தப் பாதை மூடப்பட்டிருக்கிறது என்பதுவரை அதில் தெரியும். கிளம்பும் முன்பே வரைபடத்தைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள், பள்ளங்களில் சிக்னல் கிடைக்காது.

நடக்க உரிமை உண்டு என்று தெரிந்துகொள்வதைவிட, எங்கே இல்லை என்று தெரிந்துகொள்வது முக்கியம். மே மாதத்தில் பூவும் புல்லுமாக முழங்கால் உயரத்துக்கு நிற்கும் வெளியைப் பார்த்தால் நடுவில் போய் நின்று படம் எடுக்கத் தோன்றும். அது பயிர். பசுக்களின் குளிர்காலச் சாப்பாடு. மிதிபட்டுப் படுத்த புல்லை அறுவை இயந்திரத்தால் சரியாக அள்ள முடியாது. பாதையோரம் விவசாயிகள் நட்டிருக்கும் பலகைகளில் ஒன்று, குளிர்பான டப்பாவைப் புல்லில் எறியாதீர்கள் என்று கெஞ்சும். சுத்தம் பற்றிய உபதேசம் என்றுதான் நினைத்திருந்தேன். அறுவை இயந்திரம் அந்த அலுமினியத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி வைக்கோலோடு கலந்துவிடும், பசு அதைத் தின்று குடல் கிழிந்து சாகும் என்று பக்கத்துப் பண்ணை அம்மாள் விளக்கிய பிறகு, மிட்டாய்க் காகிதம்கூட என் கையிலிருந்து நழுவுவதில்லை. நாய் வைத்திருப்பவர்களுக்காகப் பாதையோரங்களில் பச்சை நிறப் பெட்டியும் பையும் இருப்பதும் இதனால்தான். நாய்க் கழிவு புல்லோடு சேர்ந்து உள்ளே போனால் சினைப் பசுக்களுக்குக் கரு கலையும் நோய் வரலாம். காரணம் தெரிந்தபின் விதி சுமையாகத் தெரிவதில்லை.

மின்வேலி பாதையை மறிக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி ஒன்று சுருள்கம்பியோடு கொக்கியில் மாட்டியிருக்கும். கைப்பிடியை மட்டும் பிடித்து, கொஞ்சம் இழுத்து, கொக்கியிலிருந்து விடுவித்து, கம்பி உடம்பில் படாமல் தாண்டி, திரும்ப மாட்ட வேண்டும். மாட்டும்போது ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்கும், அப்போதுதான் மின்சாரம் மறுபடி ஓடுகிறது. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போவது இங்கே எழுதாத முதல் விதி. மூடியிருந்ததை மூடுங்கள். அகலத் திறந்து கட்டியிருந்தால் அதையும் மூடிவிட்டு வராதீர்கள், பசுக்கள் தண்ணீருக்குப் போகும் வழியாக இருக்கும்.

பசுவைப் பற்றி நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாட்டோடு வளர்ந்தவர்கள் என்ற தைரியத்தில் போய்த் தொடுகிறோம். கறவைப் பசுக்கள் சாதுவானவை. மனிதக் கைக்குத் தினமும் பழகியவை. கன்றோடு சேர்த்து மேயவிடும் மந்தை வேறு வகை. அவை பால் கறக்கப்படாதவை, ஆள் பழக்கம் குறைவு, கன்றுக்கு ஆபத்து என்று தோன்றினால் பாய்ந்துவிடும். நாய் கூட இருந்தால் கேட்கவே வேண்டாம். நுழைவாயிலில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். இருபது முதல் ஐம்பது மீட்டர் தள்ளிச் சுற்றிப் போங்கள். கன்று எவ்வளவு அழகாக இருந்தாலும் தடவாதீர்கள்.

பாதையில் எதிர்ப்படும் எல்லோருக்கும் வணக்கம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் "க்ரூஸ்ஸெக்". நகரத்தில் யாருக்கும் சொல்லாமல் போகலாம், இங்கே சொல்லாமல் போனால் அன்று மாலைக்குள் நாலு பண்ணைக்குத் தெரிந்துவிடும். ஆயிரம் மீட்டருக்கு மேலே ஏறிவிட்டால் யாரையும் ஒருமையில் அழைக்கலாம் என்றும் பாதி விளையாட்டாக ஒரு வழக்கம் இருக்கிறது. வணக்கத்தோடு நிற்காமல் ஒரு வாக்கியம் கூடுதலாகப் பேசினால் நல்லது. வானிலை போதும். வைக்கோல் காய்ந்துவிட்டதா என்று கேட்டால் இன்னும் நல்லது. அந்த ஒரு வாக்கியத்துக்கான ஜெர்மன் எனக்கு வகுப்பறையில் கிடைக்கவில்லை, வேலியோரத்தில் கிடைத்தது.

எங்கள் பாதையின் மேட்டில் ஒரு லிண்டன் மரமும் அதன் அடியில் ஒரு பெஞ்சும் உண்டு. எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் பல நாள் அங்கே உட்கார்ந்திருப்பார். என்னிடம் மட்டும் வட்டார வழக்கை விட்டுவிட்டு, பள்ளிக்கூட ஜெர்மனில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். எதிரே தெரியும் பண்ணையின் கூரை எவ்வளவு அழகு என்று ஒருநாள் சொன்னேன். "அதில்தான் நான் வளர்ந்தேன்" என்றார். சொந்த வீடா என்று கேட்டேன். இல்லை, அவரை அங்கே ஒப்படைத்தார்களாம்.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள், அனாதைகள், மணமாகாத தாய்க்குப் பிறந்தவர்கள் என்று ஏராளமான குழந்தைகளை அதிகாரிகளே பிரித்தெடுத்துப் பண்ணைகளில் வேலைக்கு விட்டிருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில், குறைந்த செலவில் வைத்துக்கொள்கிறேன் என்றவருக்குப் பிள்ளையைக் கொடுக்கும் ஏலம்கூட நடந்திருக்கிறது. இந்த வழக்கம் 1960-களைத் தாண்டியும் நீடித்தது. பெர்ன் மாநிலமும் குறிப்பாக எம்மென்டாலும் இதில் முன்வரிசை. 2013 ஏப்ரலில் அன்றைய நீதித்துறை அமைச்சர் சிமோனெட்டா சொமாருகா அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் என்று ஏற்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் 25,000 ஃப்ராங்க் கொடுத்தார்கள். பெரியவர் பணத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குளிர்காலத்தில் காலையில் பசு எழுந்த இடத்தின் சூட்டில் வெறுங்காலோடு நிற்போம் என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அந்தக் கூரைகளை நான் பார்க்கும் விதம் மாறிவிட்டது. வருகிறவர்கள் அழகு என்று சொல்லும்போது ஆமாம் என்கிறேன்; கேட்டால் மீதியையும் சொல்கிறேன்.

சமையலறைக்கு வருவோம். ஏப்ரலில் ஆற்றங்கரைக் காட்டுக்குள் போனால் பூண்டு வாசம் தூக்கும். பேர்லௌக் என்ற காட்டுப்பூண்டு இலை தரையை மூடிக் கிடக்கும். கழுவி நறுக்கி, உளுந்தும் காய்ந்த மிளகாயும் வறுத்து, கொஞ்சம் புளி சேர்த்துத் துவையல் அரைத்தால் சோற்றுக்கு வேறு ஒன்றும் வேண்டாம். ஆனால் அதே காலத்தில், அதே ஈர மண்ணில், ஏறக்குறைய அதே வடிவத்தில் இன்னொரு இலையும் முளைக்கிறது: ஹெர்ப்ஸ்ட்சைட்லோசெ. அதில் இருக்கும் நஞ்சு கொல்கிசின். எங்கள் ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கத்தில் மருந்துக் கம்பெனிகளுக்காகக் கண்வலிக் கிழங்கு பயிரிடுகிறார்களே, அந்த விதையிலிருந்து எடுப்பதும் இதே கொல்கிசின்தான். அதை வாயில் வைத்தால் என்ன ஆகும் என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்ததால் எனக்கு இதில் விளையாட்டுப் புத்தி வராது. காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலைக்கும் தனித்தனிக் காம்பு இருக்கும், அடிப்பக்கம் மங்கலாக இருக்கும். நஞ்சு இலை காம்பில்லாமல், ஒரே இடத்திலிருந்து கொத்தாக, தடிப்பாகப் பளபளவென்று எழும். பள்ளத்தாக்கு அல்லி என்ற இன்னொரு நச்சுச் செடியில் ஒரே தண்டில் இரண்டு இலை இருக்கும். கசக்கி முகர்ந்து பார்த்துப் பறிக்கலாம் என்று சிலர் சொல்வதை நம்பாதீர்கள். நாலு இலை பறித்ததும் கை முழுக்கப் பூண்டு வாசம் ஏறிவிடும், ஐந்தாவது எதுவாக இருந்தாலும் பூண்டாகத்தான் மணக்கும். கைப்பிடியாக அறுக்காமல் இலை இலையாகப் பறியுங்கள்.

காளானுக்கு இன்னும் கெடுபிடி. பெர்ன் மாநிலத்தில் ஒவ்வொரு மாதமும் முதல் ஏழு நாட்கள் காளான் பறிக்கக் கூடாது. மற்ற நாட்களில் ஆளுக்கு இரண்டு கிலோதான். பறித்ததை எடுத்துக்கொண்டு போனால் பரிசோதித்துச் சொல்ல ஊர்களில் பயிற்சி பெற்ற காளான் சோதகர்கள் இருக்கிறார்கள். கூடையைக் கொட்டி ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, சந்தேகமானதை இரக்கமில்லாமல் ஒதுக்கிவிடுவார்கள். அவர்களிடம் காட்டாத காளான் எங்கள் வீட்டு அடுப்பில் ஏறாது.

பண்ணை வாசல்களில் ஆளில்லாக் கடைகள் உண்டு. அலமாரியில் முட்டை, உருளைக்கிழங்கு, ஆப்பிள் சாறு. சனிக்கிழமை என்றால் பின்னிய வெண்ணெய் ரொட்டி. பக்கத்தில் ஒரு தகர உண்டியல், செல்பேசியில் பணம் அனுப்ப ஒரு குறியீட்டு அட்டை. பூந்தோட்டத்தில் கத்தியும் தொங்கும், வேண்டிய பூவை அறுத்துக்கொண்டு காசைப் போட்டுவிட்டுப் போகலாம். இதைப் பார்த்து நெகிழ்ந்துபோய்ப் பேசுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு கிடையாது. உண்டியலுக்கு மேலே கேமரா வைத்த கடைகளும் இருக்கின்றன, கடையையே மூடிவிட்ட பண்ணைகளும் இருக்கின்றன. நம்பிக்கை இங்கே யாருக்கும் பிறவிக் குணம் இல்லை. சில்லறை சரியாக விழும்வரை கடை திறந்திருக்கும், அவ்வளவுதான். எனவே சில்லறை வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

மாலை நடையைப் பாலாடைக்கட்டி ஆலை பக்கமாக வைத்துக்கொண்டால் விவசாயிகள் பால் கொண்டுவந்து ஊற்றும் நேரத்தைப் பார்க்கலாம். ஓட்டை விழுந்த எம்மென்டாலர் கட்டியை எல்லோருக்கும் தெரியும். ஒரு சக்கரம் நூறு கிலோவை ஒட்டி எடை இருக்கும். கிலோவுக்குப் பன்னிரண்டு லிட்டர் பால் போகிறது. அந்த ஓட்டைகள் குறைந்துகொண்டே வந்ததற்குக் காரணத்தை அரசின் வேளாண் ஆய்வு நிலையமான அக்ரோஸ்கோப் 2015-இல் சொன்னது. பாலில் விழும் நுண்ணிய வைக்கோல் தூசியைச் சுற்றித்தான் வாயு சேர்ந்து ஓட்டை உண்டாகிறது. கறவை இயந்திரம் வந்து பால் சுத்தமானதும் ஓட்டை குறைந்துவிட்டது. ஆலைக் கவுண்டரில் இருக்கும் அம்மாளிடம் இதைச் சொன்னேன். "என் மாமியார் அதை எப்போதோ சொல்லிவிட்டார்" என்றார்.

மற்ற வீட்டு விவகாரங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். குடிவந்த பதினான்கு நாட்களுக்குள் ஊராட்சியில் பதிய வேண்டும். குப்பைக்குக் கட்டணப் பை அல்லது பையில் ஒட்டும் வில்லை உண்டு, சாதாரணப் பையில் வைத்தால் எடுக்க மாட்டார்கள். செய்தித்தாளைச் சதுரமாக அடுக்கி நூலால் கட்ட வேண்டும், அட்டையை அதோடு கலக்கக் கூடாது. பாட்டில்களை நிறவாரியாகப் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போடக் கூடாது. அன்று புல்வெட்டும் இயந்திரமும் ஓடாது, கடையும் திறக்காது. சனிக்கிழமை மாலைக்குள் வாங்கி முடியுங்கள். கறிவேப்பிலை பெர்னில் தமிழர் கடைகளில் கிடைக்கிறது. வாங்கியதும் உருவி உறைபெட்டியில் போட்டுவிடுங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மாட்டுச் சாணக் கரைசலை வயல்களுக்கு விடுவார்கள். அந்த வாரம் துணியை வெளியே காயப்போடாதீர்கள்.

இங்கே சனிக்கிழமை மதியங்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். ராணுவக் கடமை உள்ளவர்கள் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முடிவதற்குள் ஊர்ச் சுடுகளத்தில் 300 மீட்டர் தூர இலக்கைச் சுட்டுக் காட்ட வேண்டும். ரயிலில் எதிர் இருக்கையில் துப்பாக்கியோடு ஒரு பையன் தூங்கிக்கொண்டிருப்பதும் சாதாரணம். சுடும் நேரத்தை முன்கூட்டியே ஒட்டிவைப்பார்கள், குறுக்கே போகும் பாதையை அடைத்துவிடுவார்கள். எனக்கு அது வெறும் சத்தம். பக்கத்து ஊர் உணவு விடுதியில் சமையல்காரராக இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணாவுக்கு அப்படியில்லை. 1983-க்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்தவர்களில் ஒருவர். பெர்னில் கோயில் திருவிழாவுக்குப் போகும் ரயிலில் பழக்கம். "சனிக்கிழமை மத்தியானம் என்றால் நான் சமையலறையின் காற்றாடியை முழு வேகத்தில் வைத்துவிடுவேன், தங்கச்சி" என்றார். பிப்ரவரி முதல் புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கைச் சோதனைக்காக ஊதுவார்கள். புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைப்பதை அவர் ஒரு கடமையாகவே வைத்திருக்கிறார்.

எம்மெ ஆற்றங்கரை நடை சுலபமானது, நிழலானது. கோடையில் ஆறு கணுக்கால் அளவுக்குத்தான் ஓடும், கூழாங்கல் திட்டில் இறங்கி உட்காரலாம். ஆனால் தலைக்கு மேலே வெயில் அடித்தாலும் ஹோகான்ட் மலைப்பக்கம் இடி இடித்தால் எழுந்து கரையேறிவிடுங்கள். மேலே கொட்டிய மழை மரங்களையும் அடித்துக்கொண்டு மதிலாக வந்து இறங்கும். 1837 ஆகஸ்ட் 13 வெள்ளம் பாலங்களை வாரிக்கொண்டு போனது. அதன்பிறகுதான் ஹாஸ்லெ-ரூக்ஸாவில் ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லாமல், 58 மீட்டரை ஒரே வளைவில் தாண்டும் கூரை வேய்ந்த மரப்பாலத்தை 1839-இல் கட்டினார்கள். இன்றும் அதில் நடக்கலாம். பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2014 ஜூலையிலும் ஷாங்நாவ் பக்கம் அதே ஆறு அதே வேலையைச் செய்தது.

வெள்ளத்தைவிடத் தினசரி ஆபத்து உண்ணி. காட்டோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், குழந்தைகளுக்குத் தலை என்று தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய் எதுவும் தடவாமல் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள், தேதியைக் குறித்துவையுங்கள். வட்டமாகச் சிவந்து பரவினால் மருத்துவரிடம் போங்கள். உண்ணி பரப்பும் மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. 2019 முதல் கிட்டத்தட்ட நாடு முழுவதற்கும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். அதே உண்ணி பரப்பும் லைம் நோய்க்குத் தடுப்பூசி இல்லை, மாத்திரைதான்.

நவம்பரில் பள்ளங்களை மூடுபனி அடைத்துக்கொள்ளும். நாள் கணக்கில் சூரியனைப் பார்க்காமல் இருந்தால் மனம் சோர்ந்துபோகும், இது நம்மவர்கள் யாருமே முன்கூட்டிச் சொல்லாத விஷயம். வைத்தியம் உயரத்தில் இருக்கிறது. பெரும்பாலான நாட்களில் எண்ணூறு, ஆயிரம் மீட்டர் வரை ஏறிவிட்டால் வெயில். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். ஓரத்தில் நடக்கத் தனி இடம் இல்லாத சாலையில் இடப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். ஒளிரும் பட்டை இல்லாமல் கிளம்பாதீர்கள்.

கடைசியாக ஊர்க்கூட்டத்தைப் பற்றி. ஊராட்சியின் வரவு செலவு, சாலை, பள்ளிக்கூடம் எல்லாம் கை தூக்கி முடிவாகும் கூட்டம் இது. வெளிநாட்டவருக்கு வாக்கில்லை, தனியாகப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கலாம். பார்க்க வேண்டும் என்பேன். நான் போன கூட்டத்தில், எங்கள் பின்பாதையின் ஒரு துண்டுக்குத் தார் போடக் கேட்டார் மேட்டுப் பண்ணைக்காரர். பால் வண்டி மழைக்காலத்தில் சிக்கிக்கொள்கிறது. நியாயமான கோரிக்கை. ஆனால் நடைபாதைச் சட்டப்படி, மண் பாதையைத் தாரிட்டு மூடினால் நடப்பவர்களுக்கு மாற்றுப் பாதை கொடுக்க வேண்டும். எந்த வரப்பு வழியாக, யார் நிலத்தில் என்று நெடுநேரம் விவாதித்தார்கள். இடைவேளையில் அந்தப் பண்ணைக்காரர் வரைபடத்தோடு என் நாற்காலிக்கு வந்தார். "நீங்கள்தான் தினமும் போகிறீர்கள். மழைக்குப் பிறகு எந்தப் பக்கம் சேறு குறைவு?" என்று கேட்டார். வேலியோரமாக, காட்டு விளிம்பைப் பிடித்துப் போகும் தடத்தைக் காட்டினேன். பென்சிலால் குறித்துக்கொண்டு போனார்.

கைகள் உயர்ந்தன, எண்ணினார்கள், தார் நிறைவேறியது. மாற்றுப் பாதை காட்டு விளிம்பில். அடுத்த வசந்தத்தில் மஞ்சள் பலகையை மாற்றினார்கள். பஸ் நிறுத்தத்துக்குப் பலகைக் கணக்கில் இப்போது பத்து நிமிடம் கூடுதல். ஊரிலிருந்து யாராவது வந்தால் அதற்கும் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்கிறேன்.